நடை நோட்டு

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே பூமிக்கு அடியிலிருந்து தங்கம் எடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சுரங்க வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இங்கே வாழ்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்தவர் இந்தத் தையல்காரர். வயது 44. ராபர்ட்சன்பேட்டையில் சின்னக் கடை. கடையில் ஒரே ஒரு மெஷின்.

அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அது அவருக்குத் தெரியாது. தலை வலித்தால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். பல வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் முகமும் காலும் வீங்கின. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்று சொன்னார்கள்.

அன்று முதல் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உடம்பில் உள்ள ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குப் போகும். அங்கே கழிவும் அதிகப்படி நீரும் பிரிக்கப்படும். சுத்தமான ரத்தம் திரும்ப வரும். இதற்காக அவருடைய இடது கையில் ஒரு சின்ன ஆபரேஷன் செய்து, இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். இதற்கு பிஸ்டுலா என்று பெயர். ஏழைகளுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக டயாலிசிஸ் செய்யும் தேசியத் திட்டம் 2016இல் தொடங்கியது. அதனால் பணத்துக்கு அவர் அலைய வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் அவரை ஒரு வேலையும் செய்ய விடமாட்டார்கள். தண்ணீர் வேண்டும் என்றால் மனைவி கொண்டுவந்து கொடுப்பார். கடைக்குப் போனால் மகன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவான்.

"நீங்க உட்காருங்க. நோயாளி உடம்பு அலையக் கூடாது" என்பார் மனைவி.

அன்பில்தான் அப்படிச் சொன்னார். இரண்டு வருடம் அவர் உட்கார்ந்தே இருந்தார்.

ஆறு நிமிடம்

தையல்காரருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மனைவி தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். அவருடைய ரத்த வகை பொருந்தவில்லை. குப்பத்தில் இருந்த அக்கா, "என்னுடையதைப் பாருங்க" என்றார். அவருடையது பொருந்தியது.

உறுப்பு மாற்றத்துக்கு 1994இல் சட்டம் வந்தது. பெற்றோர், பிள்ளைகள், உடன் பிறந்தவர்கள், கணவன், மனைவி போன்ற நெருங்கிய உறவினர்கள் உறுப்பு தரலாம். பணம் கொடுத்து வாங்குவதும் பணத்துக்கு விற்பதும் குற்றம். அக்காவும் தம்பியும் உறவைக் காட்டும் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள்.

அங்கே பல பரிசோதனைகள் நடந்தன. கடைசியில் ஒரு நீண்ட தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்கள். "ஆறு நிமிடம் நடங்க. உங்களால் முடிந்த வேகத்தில் நடங்க. முடியாவிட்டால் நின்றுகொள்ளலாம்" என்றார்கள்.

தையல்காரர் நடந்தார். இரண்டாவது நிமிடத்தில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுபடி நடந்தார். மறுபடி நின்றார். ஆறு நிமிடத்தில் அவர் நடந்த தூரம் 150 மீட்டர்.

பிறகு ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். கையை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும். அவரால் முடியவில்லை.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இப்போது ஆபரேஷன் வேண்டாம். மூன்று மாதம் பொறுப்போம். அதற்குள் நீங்கள் நடந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வரவேண்டும்."

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "உடம்பு சரியில்லாதவரை நடக்கச் சொல்றீங்களே டாக்டர்! ஆபரேஷன் முடிஞ்சா தெம்பு தானா வந்துடுமே!"

"வெளியூருக்குப் போகும்போது கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவோம் இல்லையா? வழியில் எங்கே சோறு கிடைக்கும் என்று தெரியாது. ஆபரேஷனும் அப்படித்தான். படுக்கையில் கிடக்கும் நாட்களில் தசை கரையும். புதுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுக்கும் மாத்திரைகளில் சிலதும் தசையைக் குறைக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் போகிறவர் எதைச் செலவழிப்பார்?"

மனைவி பதில் சொல்லவில்லை. ஆனால் கோபம் குறைந்தது.

கால் ஏன் தளர்ந்தது?

சிறுநீரகம் கெட்டால் கழிவு தேங்குவது மட்டும் நடப்பதில்லை. ரத்தச் சிவப்பு அணுக்கள் உண்டாக சிறுநீரகத்திலிருந்து ஒரு பொருள் சுரக்க வேண்டும். அது குறைந்தால் ரத்தசோகை வரும். ரத்தத்தில் அமிலம் கூடும். அமிலம் கூடினால் தசை கரையும். பசி எடுக்காது. சாப்பாடு குறையும். டயாலிசிஸ் முடிந்த அன்று அடித்துப்போட்டது போல் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஆளை உட்கார வைத்துவிடும். உட்கார உட்காரக் கால் இன்னும் தளரும்.

இதை மாற்ற முடியுமா? இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகள் 296 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அதன் முடிவு 2017இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வழக்கம் போல் இருந்தார்கள். இன்னொரு பகுதியினர் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வீட்டிலேயே நடந்தார்கள். பத்துப் பத்து நிமிடமாக, ஒரு நாளில் இரண்டு முறை. அவர்களிடம் 'டிக் டிக்' என்று தாளம் போடும் சின்னக் கருவி இருந்தது. அந்தத் தாளத்துக்கு அடி எடுத்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து ஆறு நிமிட நடை பார்த்தார்கள். நடந்தவர்களின் தூரம் சராசரியாக 328 மீட்டரிலிருந்து 367 மீட்டருக்கு ஏறியிருந்தது. நடக்காதவர்களின் தூரம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களை வைத்தே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு சிறிய முயற்சி நடந்தது. 2019இல் அதைப் பற்றி எழுதினார்கள். 18 பேர் பயிற்சி செய்தார்கள். அவர்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள் என்பதை உடம்பில் அணியும் கருவி அளந்தது. இரண்டு மாதத்தில் நடமாட்டம் பாதிக்கு மேல் கூடியது. அவர்களில் 5 பேருக்கு அப்போதே ஆபரேஷன் நடந்தது. அவர்கள் அதே வயதுள்ள மற்றவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஐந்து பேரை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் நம்பி முயன்று பார்க்கலாம்.

மருமகன் கொடுத்த வாட்ச்

பிசியோதெரபி மேடம் ஒரு தாளில் பயிற்சிகளை எழுதிக் கொடுத்தார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் நடை. இரண்டு வாரம் கழித்து 8 நிமிடம். பிறகு 10. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 5 முறை. முதலில் கையை ஊன்றலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது 10 முறை.

"எவ்வளவு வேகம் மேடம்?" என்று தையல்காரர் கேட்டார்.

"நடக்கும்போது பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, படபடப்பு வந்தாலோ உடனே நிறுத்தி உட்காருங்கள். உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்."

அக்கா மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறித் தினமும் போய் வருகிறவன். அவன் தன் பழைய வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தான். நேரம் மட்டும் காட்டும் வாட்ச் அல்ல அது. எத்தனை அடி நடந்தோம், நாடி எத்தனை துடிக்கிறது என்றும் காட்டும்.

"இதோ பாருங்க மாமா. அடியில பச்சை வெளிச்சம் வருது. அது தோலுக்குள்ள போகும். நாடி துடிக்கும்போதெல்லாம் ரத்தம் பாயும். அப்போ திரும்பி வர்ற வெளிச்சம் கூடும், குறையும். அதை வச்சு நாடியை எண்ணும். உள்ளே இன்னொரு சின்னக் கருவி இருக்கு. அது கை அசைவைப் பார்த்து அடியை எண்ணும்."

தையல்காரர் வாட்சை இடது கையில் கட்டிக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனார். சிஸ்டர் பார்த்ததும் அதட்டினார்.

"பிஸ்டுலா இருக்கிற கையில கட்டுவீங்களா? அழுத்தினா ரத்த ஓட்டம் அடைச்சுக்கும். அந்தக் கையில வாட்ச், வளையல், இறுக்கமான கயிறு எதுவும் கூடாது. ரத்த அழுத்தமும் அந்தக் கையில பார்க்கக் கூடாது. வலது கைக்கு மாத்துங்க."

வாட்சை வலது கைக்கு மாற்றினார்.

கணக்கு எழுதும் பொறுப்பு மனைவியுடையது. அவர் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனதில்லை. போன வருடம்தான் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். பத்து ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். அட்டையில் 'நடை நோட்டு' என்று எழுதினார். காலையில் எழுந்ததும் கணவரின் நாடியைப் பார்த்து எழுதுவார். எடை பார்த்து எழுதுவார். இரவில் மொத்த அடியை எழுதுவார். முதல் வாரம் எண்களை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. 1,140 என்பதை எழுதிவிட்டு, சரியா என்று மகனிடம் காட்டுவார். மூன்றாவது வாரத்தில் மகனைக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் வாட்ச் மதியத்துக்குள் 2,300 அடி காட்டியது. மனைவிக்கு ஆச்சரியம். "இன்னிக்கு எங்கே போனீங்க?"

"எங்கேயும் போகலையே! கடையில உட்கார்ந்து பாவாடை தைச்சேன்."

அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "வாட்ச் கையில இருக்கு மாமா. துணியைத் தள்ளித் தள்ளித் தைச்சா, நீங்க நடக்கிறதா நினைச்சுக்கும்."

அன்று முதல் தைக்கும்போது வாட்சைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அந்த 2,300ஐ மனைவி நோட்டில் அடித்துவிட்டார். பொய்க் கணக்கு எதற்கு?

அந்த வாட்ச் ரத்த அழுத்தம் என்று ஓர் எண்ணையும் காட்டியது. அதை நம்ப வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். மேல் கையில் பட்டை சுற்றிக் காற்று ஏற்றிப் பார்ப்பதுதான் சரியான அளவு. நாடிக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் நாடியை ஏறவிடாது. தையல்காரர் அப்படி ஒரு மாத்திரை சாப்பிட்டார். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அவருடைய நாடி 95ஐத் தாண்டவில்லை. வாட்ச் 'இன்னும் வேகமாக' என்று காட்டும். அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டியிருந்தால் ஆபத்து. அவருக்கு வாட்சைவிடப் பேச்சுதான் நல்ல அளவு. அதனால் மனைவியும் கூடவே நடந்தார். வீட்டு வாடகை, மகன் படிப்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

இளநீர்

மார்ச் மாதம் வெயில் ஏறியது. காலை ஆறு மணிக்கே நடக்கத் தொடங்கினார்கள். சுரங்கத்திலிருந்து வந்த பழைய மண் மேடு தெரியும் வரை போய்த் திரும்புவார்கள். வழியில் இளநீர்க்காரர் ஒருவர் தெரிந்தவர்.

"அண்ணே, நடந்து களைச்சிருக்கீங்க. ஒரு இளநீர் குடிங்க. காசு வேண்டாம்" என்று வெட்டி நீட்டினார்.

மனைவி சட்டென்று தடுத்தார். "வேண்டாம் அண்ணா. கோவிச்சுக்காதீங்க. இவருக்கு ஆகாது."

இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு நிறைய இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். கெட்ட சிறுநீரகத்தால் முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். பழச்சாறும் அப்படித்தான். நடந்தால் தாகம் எடுக்கும். ஆனால் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடித்தால் உடம்பில் நீர் கோக்கும். தையல்காரர் வாயைக் கொப்பளித்துத் துப்புவார். அதிலேயே பாதி தாகம் அடங்கும்.

கால் வலித்தபோது பழைய பழக்கத்தில் வலி மாத்திரை கேட்டார். மனைவி தரவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். மறுநாள் நடையைக் குறைத்தார்கள். தெருவில் ஓர் இளைஞன், "உடம்பு ஏத்த ஒரு பவுடர் இருக்கு அண்ணே" என்றான். டாக்டரைக் கேட்காமல் பவுடர், லேகியம், பச்சிலை எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

நாடி 102

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை. மனைவி வழக்கம் போல் நாடி பார்த்தார். 102 என்று காட்டியது. அவர் நோட்டைத் திருப்பினார். முந்தின நாட்களில் 78, 76, 79, 78. எங்கும் 80ஐத் தாண்டவில்லை.

தையல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு நடக்க வேண்டாம்" என்றார் மனைவி.

"ஏன்? நேத்து டயாலிசிஸ். இன்னிக்கும் நடக்கலைன்னா கணக்கு குறையும். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. டாக்டர் மறுபடி வேண்டாம்னு சொல்லிட்டா?"

"ராத்திரி குளிருதுன்னு சொன்னீங்களே. கையைக் காட்டுங்க."

சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இடது கையில் ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

அரை மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் கிருமி பிடித்திருந்தது. காய்ச்சல் தொடங்கியிருந்தது. அங்கேயே படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாள் தாமதித்திருந்தால் கிருமி ரத்தம் முழுக்கப் பரவியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"வாட்ச் நல்ல வாட்ச்தான் டாக்டர்" என்றார் தையல்காரர்.

"வாட்ச் நாடியைத்தான் காட்டியது. பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, கையையும் பார்த்தது உங்கள் மனைவி" என்றார் டாக்டர்.

பத்து நாள் நடை இல்லை. நோட்டில் பத்து வரி வெறுமையாக இருந்தது. தையல்காரருக்கு அது பெரிய வருத்தம். பிறகு மறுபடி 5 நிமிடத்திலிருந்து தொடங்கினார். விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது என்று பிசியோதெரபி மேடம் சொல்லியிருந்தார்.

குப்பத்தில் அக்காவும் சும்மா இல்லை. சிறுநீரகம் தருபவரும் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். அவருக்கு 52 வயது. முப்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். அதை விட்டுவிட்டார். முதல் வாரம் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தாராம். "தம்பிக்கு ஒரு சிறுநீரகம் தர்றது சுலபம். இந்தப் புகையிலையை விடறதுதான் கஷ்டம்" என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

மறுபடி தாழ்வாரம்

சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தள்ளிப் பெங்களூருக்குப் போனார்கள். அதே தாழ்வாரம். அதே ஆறு நிமிடம். தையல்காரர் ஒரு முறைகூடச் சுவரைப் பிடிக்கவில்லை. தூரம் 310 மீட்டர். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எட்டு முறை எழுந்தார்.

டாக்டர் நடை நோட்டைக் கேட்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அடித்துவிட்டிருந்த 2,300ஐப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். கதையைக் கேட்டுச் சிரித்தார். பிறகு ஆபரேஷனுக்குத் தேதி எழுதினார்.

இந்தியாவில் முதல் முதலாக மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாக வைக்கப்பட்டது 1971இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். இப்போது பல ஊர்களில் செய்கிறார்கள். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கத்தில் வைத்து ரத்தக் குழாய்களோடு இணைப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன் தையல்காரரின் வாட்சைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்கள். அவர் அதை நோட்டோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அக்காவும் தம்பியும் நல்லபடியாக இருந்தார்கள். தம்பியைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கிருமி தொற்றாமல் இருக்க உள்ளே யாரையும் விடவில்லை. கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது. இரண்டாம் நாள் காலையில் சிஸ்டர் அவரைத் தாங்கிப் பிடித்துக் கட்டிலிலிருந்து இறக்கினார். அவர் மெல்லக் கதவு வரை வந்தார். திரும்பிப் போனார். வாய் அசைந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வெளியே வந்தார். "உங்க வீட்டுக்காரர் ஒரு கணக்குச் சொல்லி அனுப்பினார். நோட்டுல எழுதணுமாம். 46 அடி."

மனைவி பையைத் திறந்து நோட்டை எடுத்தார்.

நடை நோட்டில் ஒரு வாரம்

ஞாயிறு: எடை 57.6 கிலோ. நாடி 76. நடை காலை 10, மாலை 10 நிமிடம்.
திங்கள்: எடை 58.4 கிலோ. நாடி 79. நடை காலை 10, மாலை 8 நிமிடம்.
செவ்வாய்: டயாலிசிஸ். நடை இல்லை.
புதன்: எடை 57.7 கிலோ. நாடி 78. நடை காலை 10, மாலை 10 நிமிடம்.
வியாழன்: டயாலிசிஸ். நடை இல்லை. இரவு குளிர்.
வெள்ளி: நாடி 102. நடை இல்லை. மருத்துவமனை.

ஞாயிறு முதல் புதன் வரை தையல்காரர் மொத்தம் எத்தனை நிமிடம் நடந்தார்? கூட்டிப் பாருங்கள்.

ஞாயிறு காலைக்கும் திங்கள் காலைக்கும் நடுவில் எடை எவ்வளவு கூடியது? ஒரே நாளில் அப்படிக் கூடக் காரணம் என்ன?

உங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் யாராவது இருக்கிறாரா? அவரை வீட்டில் நடக்க விடுகிறார்களா? வகுப்பில் பேசுங்கள்.